சிரிக்க விடாத நரம்பு

ஓய்வு பெற்ற மயக்க மருந்து டாக்டரைக் கல்யாணத்துக்குத் தவிர வேறு எதற்கும் யாரும் கூப்பிடுவதில்லை. ஆகவே போன மாதம், மைசூரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் இளைய டாக்டர்கள் போன் செய்து, "மேடம், புது அல்ட்ராசவுண்ட் மெஷின் பந்திதே, நீங்க வந்து பாக்கலேபேக்கு" என்று தமிழையும் கன்னடத்தையும் பிசைந்து, வந்த மெஷினைப் பார்த்தே ஆக வேண்டும் என அழைத்தபோது, தலையைக்கூடச் சரியாக வாரிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன்.

அங்கே ஒரு டாக்டர் தானே மேஜைமேல் படுத்துச் சட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டார். இன்னொரு பெண் டாக்டர் அவர் வயிற்றில் களிம்பைப் பிதுக்கிக் கருவியை வைத்தாள். அவர் கூச்சத்தில் நெளிந்தார். திரையில் வயிற்றுச் சுவரின் மூன்று தசைகளும் பரோட்டாவைப் பிரித்த மாதிரி அடுக்கடுக்காகத் தெரிந்தன. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே மினுக்கென்று ஒரு புள்ளி.

"இதுதான் மேடம், நர்வ்," என்றாள் அந்தப் பெண்.

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. காலமெல்லாம் ஊசி முனையால் தடவித் தடவி நான் தேடிய ஆள், இங்கே டிவியில் சினிமா நடிகர் மாதிரி ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார்!

"இது இல்லாம அப்ப எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?"

"கையாலதான். ஒரு தடவை மட்டும், சிரிக்க மாட்டேன்னு அடம் பிடிச்ச ஒரு பொம்பளையால."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். கதையைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் யாருக்கோ ஆபரேஷன் தியேட்டரிலிருந்து அழைப்பு வந்து எல்லாரும் ஓடிவிட்டார்கள். மீதியை எழுதியாவது கொடுங்கள் என்று தினமும் செய்தி அனுப்புகிறார்கள். எழுதிவிட்டேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொள்ளேகாலத்துப் பக்கம் மஞ்சளும் மல்பெரியும் போட்ட குடும்பம். மைசூரில் டாக்டருக்குப் படித்தேன். மேற்படிப்புக்கு மயக்கவியலில்தான் இடம் கிடைத்தது, சேர்ந்தேன். படித்ததில் முக்கால்வாசி மறந்துபோயிற்று. வயிற்றின் நரம்புகள் மட்டும் மறக்கவில்லை, ஏனென்றால் அவற்றைத் தினமும் தொட்டுப் பார்த்து வேலை செய்தேன்.

வயிற்றுக்கு இரண்டு விதமான நரம்புகள் உண்டு. உள்ளே இருக்கும் குடல், பித்தப்பை இவற்றுக்கு ஒரு விதம். வெளியே இருக்கும் சுவருக்கு, அதாவது தோலுக்கும் தசைக்கும், இன்னொரு விதம். உள்ளே வலித்தால் எங்கே என்று மூளைக்குச் சரியாகப் புரியாது. தொப்புளைச் சுற்றி எங்கேயோ என்று ஒரு கலக்கம் மட்டும் தெரியும். வயிற்று வலிக்காரரிடம் இடத்தைக் காட்டச் சொன்னால் உள்ளங்கையை விரித்து வட்டம் போடுவது அதனால்தான். சுவரில் வலித்தால் அப்படியில்லை. ஒற்றை விரலை வைத்து, இங்கே என்பார்கள்.

சுவரின் நரம்புகள் கீழ் விலா எலும்புகளின் அடியிலிருந்து கிளம்பி, நான் திரையில் பார்த்த அந்த இரண்டு தசைகளுக்கு நடுவே பக்கவாட்டில் வருகின்றன. வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பட்டைத் தசை இருக்கிறது. அதன் ஓரத்துக்கு வந்ததும் நரம்பு சடாரென்று திரும்பி, ஒரு சின்ன வளையத்துக்குள் நுழைந்து தோலுக்கு வந்துவிடும். அந்தத் திருப்பம் குறுகலானது.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யும்போது, மருந்து எதுவரை ஏறியிருக்கிறது என்று ஸ்பிரிட் பஞ்சால் தொட்டுப் பார்ப்போம். "சில்லுனு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே கீழிருந்து மேலே போவோம். தொப்புளில் சில்லென்று தெரியவில்லை என்றால் பத்தாவது மார்பு நரம்பு வரை மருந்து ஏறிவிட்டது என்று அர்த்தம். இதையே செய்து செய்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. கோயிலில் மேல்சட்டை இல்லாமல் நிற்கும் ஆண்களைப் பார்த்தால் கண் தானாகக் கோடு போடும். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. என் வீட்டுக்காரர் காதோரமாக, "சாமியப் பாரு, கமலா," என்பார்.

எங்கள் அறுவை சிகிச்சைத் தலைவர் டாக்டர் சம்பத். மேல்கோட்டையிலிருந்து வந்த ஐயங்கார் குடும்பம். கன்னடக்காரர்களிடம் கன்னடத்திலும், என்னிடம் அவர்கள் வீட்டுத் தமிழிலும், கத்தியிடம் இங்கிலீஷிலும் பேசுவார். ரவுண்ட்ஸ் வரும்போது நோயாளியின் கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். நின்றுகொண்டே வயிற்றைத் தொட்டதை நான் பார்த்ததில்லை. உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். கை வயிற்றில் இருக்கும், கண் முகத்தில் இருக்கும். வயிற்றைப் பார்க்கவே மாட்டார். "வலிக்கறதான்னு கேட்டா பொய் சொல்லலாம். புருவம் பொய் சொல்லாது," என்பார்.

எல்லாம் முடிந்ததும் ஒரு ஜோக் சொல்வார்.

அந்த ஜோக்குகள் மகா மட்டமானவை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது அது. "தசரா ஊர்வலத்துலே யானை ஏன் அவ்வளவு மெதுவா நடக்கறது தெரியுமோ? முன்னாலே போலீஸ் பேண்டு போறதே! ஹாரன் அடிச்சா மரியாதையா இருக்குமோ?" என்பார். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். அவர் சிரிப்பைப் பார்த்து நோயாளி சிரிப்பார். நாங்கள் சம்பளம் வாங்குவதால் சிரிப்போம்.

வந்த புதிதில் ஒருநாள் கேட்டேவிட்டேன். "சார், இது எதுக்கு?"

"சோதனை, கமலா, சோதனை. சிரிக்கறச்சே வயிறு குலுங்கறது பாருங்கோ. உள்ளே சீழ் பிடிச்சிருந்தா குலுங்க முடியாது. மனுஷன் சிரிக்கவே மாட்டான். ஸ்கேனுக்கு முன்னாலேயே சொல்லிடலாம். ஸ்கேனை விட மலிவும்கூட."

இது உண்மை. அவர் ஜோக்குக்குச் சிரிக்காத இரண்டு பேரை நேராகத் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போய், உள்ளே குடல்வால் வெடித்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

தங்கமணி அந்த ஜோக்குக்குச் சிரிக்கவில்லை.

ஹனூர்ப் பக்கத்துப் பெண். மைசூரில் துணி தைக்கும் பேக்டரியில் வேலை. கணவர் பெரியசாமி மண்டி மொஹல்லாவில் ஆட்டோ ஓட்டுகிறவர். சில வருடங்களாக அவளுக்கு வலது பக்கம், தொப்புளுக்குச் சற்றுக் கீழே, ஓயாத வலி. எங்கேயோ குடல்வாலை எடுத்துவிட்டார்கள். வலி போகவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒரு டாக்டர் மனநல டாக்டரைப் பார்க்கச் சொன்னார். புகுந்த வீட்டில் நடிப்பு என்றார்கள். பேக்டரியில் இனிமேல் லீவு போட்டால் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

சம்பத் சார் யானை ஜோக்கைச் சொன்னார். தங்கமணி உதட்டைக் கடித்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நெற்றியில் வேர்த்தது. சார் ஸ்டூலை விட்டு எழுந்தார். குடல்வால் எடுத்த இடத்தில் குடல் ஒட்டிக்கொண்டிருக்கும், உள்ளே கேமரா விட்டுப் பார்த்து, வேண்டுமானால் வயிற்றைத் திறந்துவிடலாம் என்றார். மறுநாள் காலை ஆபரேஷன்.

ஆபரேஷனுக்கு முன்பு மயக்க மருந்து டாக்டர் நோயாளியைப் பார்க்க வேண்டும். அன்று பிற்பகல் நான் போனேன். இதயம், நுரையீரல், பல், வாய் எல்லாம் பார்த்தாயிற்று. மூச்சுக்குழாயில் குழாய் விட வேண்டி வருமே, கழுத்து நன்றாக வளைகிறதா என்று பார்ப்பதற்காகத் தலையணையை எடுக்க நினைத்தேன்.

"தலையைக் கொஞ்சம் தூக்கும்மா."

தூக்கினாள். "அய்யோ, ஆத்தா!" என்று அலறிக்கொண்டு பொத்தென்று விழுந்தாள். வலது கை வயிற்றுக்குப் பறந்தது. உள்ளங்கை இல்லை. ஆட்காட்டி விரல் மட்டும்.

நான் தலையணையைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"எங்கம்மா வலிக்குது?"

"இங்கதானுங்க டாக்டரம்மா. இந்த எடந்தான். ஒரு ரூவாக் காசு அகலம்."

"எப்பவுமா?"

"கட்டில்ல இருந்து எந்திரிச்சா, தும்மினா, இருமினா. சிரிச்சாத்தான் உசிரே போயிருதுங்க."

"அதனாலதான் பெரிய டாக்டர் ஜோக்குக்குச் சிரிக்கலியா?"

"அந்தய்யா சிரிச்ச சிரிப்பப் பாத்து எனக்கும் பொங்கிருச்சுங்க. பல்லக் கடிச்சு அடக்கிட்டேன்."

அவளைக் கைகளை மார்பில் கட்டிக்கொள்ளச் சொன்னேன். அவள் விரல் வைத்த இடத்தில் என் விரலை வைத்தேன். மறுபடியும் தலையை மட்டும் தூக்கச் சொல்லி, தூக்கியபடி இருக்கும்போது மெதுவாக அழுத்தினேன். கத்திவிட்டாள். எனக்கோ உள்ளுக்குள் குதித்தது. இது பழைய சோதனை. தலையைத் தூக்கினால் வயிற்றுத் தசை பலகை மாதிரி இறுகி, உள்ளே இருப்பவற்றை மூடிக்கொள்ளும். வலி உள்ளே இருந்தால் அழுத்துகிற கை அதை எட்டாது, வலி குறைய வேண்டும். கூடினால் குற்றவாளி அந்தப் பலகையிலேயே இருக்கிறான். ஸ்பிரிட் பஞ்சை எடுத்து வயிறு முழுக்கத் தொட்டேன். எல்லா இடத்திலும் சில்லென்றது. அந்த இடத்தில் மட்டும் "எரியுதுங்க" என்றாள். பேனாவால் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். வட்டம் சரியாகப் பட்டைத் தசையின் ஓரத்தில் விழுந்தது. நரம்பு திரும்பி வளையத்துக்குள் நுழைகிற இடம்!

கட்டிலுக்கு அந்தப் பக்கம் பெரியசாமி நின்றுகொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். வாயே திறக்கவில்லை.

"இவர் எப்பவும் இப்படித்தானா?" என்று தங்கமணியிடம் கேட்டேன்.

"இல்லீங்க. இது பேச ஆரம்பிச்சா ஆட்டோ ஸ்டாண்டே விழுந்து விழுந்து சிரிக்கும். நான் அதுக்காகத்தானுங்க இதைக் கட்டிக்கிட்டேன்."

பெரியசாமி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் ஏதாச்சும் சொன்னா அவ சிரிப்பா. சிரிச்சா நோகும். அதனால ஊட்டுல பேசறதை வுட்டுட்டனுங்க."

சம்பத் சார் அறைக்கு ஏறக்குறைய ஓடினேன்.

அவர் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சார், நாளைக்குக் கேஸை நிறுத்தணும்."

"ஏன், இதயத்துலே ஏதாவதா?"

"இல்ல சார். வலி வயித்துக்குள்ளேயே இல்ல. சுவர்ல இருக்கு. நரம்பு மாட்டிக்கிட்டிருக்கு."

ஸ்பூன் வாய்க்குப் பாதி வழியில் நின்றது. டப்பாவை மூடக்கூட இல்லை, எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டார். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். உள்ளங்கைகளைத் தேய்த்தார். "எங்கேன்னு என் விரலைப் பிடிச்சு வைங்கோ," என்றார். வைத்தேன். தங்கமணி தலையைத் தூக்கினாள். அவள் புருவத்தைப் பார்த்தபடி அழுத்தினார். கையை எடுத்தார். இன்னொரு முறை செய்து பார்த்தார்.

எழுந்து நின்றார். எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. தலைவர் முடிவு செய்த ஆபரேஷனை வேண்டாம் என்று சொல்வது எந்த ஆஸ்பத்திரியிலும் சின்ன விஷயமில்லை.

"கமலா!" என்று வார்டே அதிரும்படி கத்தினார். "நான் தப்பு! முழுத் தப்பு! சுவர் குலுங்கினா வலிக்கறது, நான் உள்ளே வலிக்கறதுன்னு நெனைச்சுட்டேன்! ஜன்மத்துலே இவ்வளவு சந்தோஷமா நான் தப்புப் பண்ணினதே இல்லை!" தங்கமணியிடம் குனிந்து, "அம்மா, உன் வயித்தை நான் திறக்கப் போறதில்லை," என்றார். கையைத் தட்டினார். நிஜமாகவே தட்டினார். சிஸ்டர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அப்ப எனக்குப் பைத்தியம் இல்லீங்களா?" என்றாள் தங்கமணி.

"எனக்குத்தான்!" என்றார் சார்.

உடனே ஊசி போட்டுப் பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. மரத்துப்போகும் மருந்தை அந்த இடத்தில் கொஞ்சமாகப் போட வேண்டும். வலி நின்றால் நரம்புதான் என்று உறுதி. அப்போது எங்களிடம் அந்தத் திரையெல்லாம் இல்லை. முனை சற்று மழுங்கிய ஊசியை எடுத்து, வட்டத்தின் நடுவில் நிறுத்தி, மெல்ல உள்ளே விட்டேன். தோல் தாண்டியது, கொழுப்பு தாண்டியது. பிறகு ஊசி எதன்மேலோ இடித்துத் தயங்கியது. அதுதான் தசையின் உறை. இன்னும் கொஞ்சம் தள்ளினால் டொப்பென்று விட்டுக்கொடுக்கும். சத்தம் காதில் கேட்காது, விரலில்தான் கேட்கும். கேட்டது. மருந்தைச் செலுத்தினேன்.

காத்திருந்தோம். செய்தி எப்படியோ பரவி, பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். இரணியா என்னும் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆன ஒரு அம்மாள் தலையணையை வயிற்றோடு கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலையைத் தூக்கு."

தூக்கினாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு காத்திருந்தாள். சுளிப்பு மெல்ல அவிழ்ந்தது. நான் அழுத்தினேன். ஒன்றுமில்லை. இன்னும் பலமாக அழுத்தினேன்.

"டாக்டரம்மா, நீங்க அமுத்தறீங்களா?"

"இருமு!" என்றார் சார். இருமினாள். "இன்னும் பலமா!" இருமினாள். கண்ணை அகல விரித்துப் பெரியசாமியைப் பார்த்தாள்.

"சரி, கடைசி சோதனை," என்று சார் தொண்டையைச் செருமினார். "ஒருத்தன் டாக்டர்கிட்டே வந்தான். சாப்பிட்டா வயிறு வலிக்கறதுன்னான். என்ன சாப்பிட்டேன்னு கேட்டார். நீங்க குடுத்த மாத்திரைதான்னான்."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நாங்கள் சிரித்தோம். தங்கமணி சிரிக்கவில்லை.

சாரின் முகம் விழுந்துவிட்டது. "வலிக்கறதா?"

"இல்லீங்க."

"துளிகூட?"

"துளிகூட இல்லீங்க சார்."

"அப்போ ஏன் சிரிக்கலை?"

தங்கமணி மிகுந்த மரியாதையோடு, "சிரிப்பு வரலீங்களே சார்," என்றாள்.

முதலில் ஒரு சிஸ்டருக்கு மூக்கு வழியாக வெடித்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. அடுத்தது நான். பிறகு சாரே. ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வரலியாம்! கமலா, வரலியாம்!" என்றார். அதைப் பார்த்துத்தான் தங்கமணிக்கு வந்தது. ரொம்ப நாள் ஓடாத மோட்டாரை இழுத்துவிட்ட மாதிரி, முதலில் ஒரு கேவல், பிறகு ஒரு விக்கல், அதன் பிறகு திறந்துகொண்டது பாருங்கள், ஜன்னல் கம்பியெல்லாம் அதிர்ந்தது. சிரித்துக்கொண்டே வயிற்றில் தட்டித் தட்டிக் காட்டினாள். இரணியா அம்மாள் தலையணையை இறுக்கிக்கொண்டு, "அய்யய்யோ, நகிஸ்பேடிரம்மா, தையல் பிரிஞ்சுரும்!" என்று கெஞ்சிக்கொண்டே தானும் சிரித்தார். சிரிக்க வைக்காதீர்கள் என்று அவர் கன்னடத்தில் கெஞ்சக் கெஞ்ச, வார்டு அடங்கவே இல்லை.

பெரியசாமி மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். சட்டைக் கைப்பகுதியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வலி திரும்பி வந்துவிட்டது. மருந்தின் வேலை அவ்வளவு நேரந்தான், எனக்குத் தெரியும். அவளுக்கும் சொல்லியிருந்தேன். ஆனால் காதில் கேட்பது வேறு, உடம்பில் வருவது வேறு. நான் போனபோது சுருண்டு படுத்திருந்தாள்.

"காட்டிட்டுப் புடுங்கிட்டீங்களே டாக்டரம்மா," என்றாள்.

அந்த வாசகம் எனக்குச் சுருக்கென்றது. கட்டிலில் உட்கார்ந்து, "ஆள் யாருன்னு தெரிஞ்சு போச்சு. இனிமே அவன் தப்ப முடியாது," என்றேன். அவள் தலையை ஆட்டினாள், நம்பவில்லை.

வேறொரு மருந்தும் சேர்த்து மறுபடி போட்டோம். சில வாரங்கள் தாங்கியது. அவள் பேக்டரிக்குப் போனாள். வலி திரும்பியது. இன்னொரு முறை போட்டோம், அது முன்பைவிடச் சீக்கிரம் விட்டுப்போனது. கடைசியில் சம்பத் சார், "நரம்பைத் தேடி வெட்டிடலாம்," என்றார். சின்ன ஆபரேஷன்தான். தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஆளை விழிப்போடு வைத்துச் செய்ய வேண்டும். அந்த இடத்தில் உணர்ச்சி போய்விடும், அதைத் தவிர பெரிய நஷ்டமில்லை. பலன் எல்லாருக்கும் கிடைப்பதில்லை என்பதையும் சொன்னோம். தங்கமணி யோசிக்கவே இல்லை. "வெட்டிப் போடுங்க," என்றாள்.

என் வேலைக் காலத்தில் எனக்கு அத்தனை கஷ்டமாக இருந்த வேலை வேறில்லை. என் பிழைப்பே வலியை எடுப்பது. அன்று கொஞ்சம் வலியை விட்டுவைக்க வேண்டியிருந்தது. தோலுக்கும் கொழுப்புக்கும் மட்டும் மருந்து போட வேண்டும், ஆழத்தில் இருக்கும் நரம்பைத் தொடவிடக் கூடாது. நரம்பும் மரத்துவிட்டால் பல இழைகளில் எது அவளுடைய எதிரி என்று யார் சொல்வது? குறைவாகப் போட்டால் கத்தி படும்போதே துடிப்பாள். சொட்டுச் சொட்டாகப் போட்டேன். அவள் தலைமாட்டில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சார் திறந்தார். தசையின் உறையை அடைந்தார். தேடினார். நரம்பைக் காணவில்லை. வெட்டை ஒரு விரலகலம் நீட்டினார். காணவில்லை. எப்போதும் தியேட்டரில் வாய் மூடாத மனிதர், மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காமல் குனிந்திருந்தார். சிஸ்டர் அவர் நெற்றியைத் துடைத்தாள். நான் போட்ட வட்டமே தப்போ?

மார்புக்குக் குறுக்கே கட்டியிருந்த துணித் திரைக்கு இந்தப் பக்கமிருந்து தங்கமணி, "சார், சும்மா இருக்கீங்களே? பயமா இருக்குது. ஏதாச்சும் சொல்லுங்க," என்றாள்.

"உனக்குத்தான் என் ஜோக் புடிக்காதே அம்மா."

"பரவால்லீங்க, சொல்லுங்க."

"இப்போ வேண்டாம். நீ சிரிச்சா வயிறு ஆடும், என் கையும் ஆடும்."

"நான் சிரிக்க மாட்டேனுங்க, பயப்படாதீங்க."

சிஸ்டர் முகக்கவசத்துக்குள் இருமினாள். சாரின் தோள் ஒரு முறை குலுங்கி நின்றது. அந்த நிமிடத்தில் அவர் கை இறுக்கம் தளர்ந்ததை நான் பார்த்தேன். ஓரத்து உறையைச் சின்னக் கொக்கியால் கொஞ்சம் தூக்கினார். அடியில் ஒரு சிறு வளையம். அதற்குள் மஞ்சளாகத் துளிக் கொழுப்பு. கொழுப்போடு நெருக்கியடித்துக்கொண்டு, சேமியா இழை போல வெள்ளையாக ஒன்று.

"கமலா, எழுந்து பாருங்கோ," என்றார் மெதுவாக. பிறகு இழையை லேசாக, மிக லேசாக இழுத்தார்.

"அதுதான்! அதேதானுங்க! அந்தக் கெரகந்தான்!" என்று தங்கமணி கத்தினாள். என் விரல்களை நெரித்துவிட்டாள்.

நான் எட்டிப் பார்த்தேன். புத்தகத்தில் கோடாகவும், ஊசி முனையில் தயக்கமாகவும் மட்டுமே தெரிந்த ஒன்றை முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தேன். இத்தனூண்டு! இதற்காகவா ஒருத்திக்குக் குடல்வால் போயிற்று, மானம் போயிற்று, வேலை போக இருந்தது, ஒரு புருஷன் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தான்? உடனே அந்த நரம்புக்கே மருந்தைப் போட்டேன். "இப்ப?" என்று சார் மறுபடி இழுத்தார். "எப்ப?" என்றாள் அவள். வெட்டினார்.

அடுத்த சில வாரங்கள் சம்பத் சாரைத் தாங்க முடியவில்லை. வயிற்று வலி என்று யார் வந்தாலும் தலையைத் தூக்கச் சொல்வார். நோயாளி என்றில்லை, கணக்குப் பிரிவு ஆள் பில்லில் கையெழுத்து வாங்க வந்து, வாயுத் தொல்லை என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டார். சார் அவரை மேஜைமேல் படுக்க வைத்துத் தலையைத் தூக்க வைத்துவிட்டார். வாயுத் தொல்லைதான்.

தையல் பிரிக்க வந்த அன்று தங்கமணி சேலை மடிப்பை ஒதுக்கி, "இந்த எடத்துல கொசு கடிச்சாக்கூடத் தெரியறதில்லீங்க," என்று பெருமையாகக் காட்டினாள். ஸ்பிரிட் பஞ்சால் தொட்டுப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. அழுத்தினேன், தலையைத் தூக்கினாள், இருமினாள். வலி இல்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

அன்று என் வேலை முடிகிற நேரம். "டாக்டரம்மா, ஊடு எங்கீங்க?" என்று கேட்டாள். அக்ரஹாரம் பகுதி என்றேன். நம்ம ஆட்டோவிலேயே போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தாள்.

பெரியசாமி ஆட்டோவைக் கிளப்பினார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்து, "மன்னிக்கோணுங்க, ஆபரேசன் நடந்தப்ப நான் ஆஸ்பத்திரில இல்லீங்க," என்றார்.

"எங்கே போனீங்க?"

"உக்காரவே முடியலீங்க. ஒரு சவாரி ஏத்துனா மனசு நெதானமாகும்னு வெளிய வந்தேன். ஒரு பெரியவர் ரயில்வே ஸ்டேசன் போகோணும்னாரு. ஏத்திக்கிட்டுப் போனேன். எறங்குங்கய்யான்னு நிறுத்துனா, ஆஸ்பத்திரி கேட்டுங்க."

தங்கமணி, "என்னது?" என்றாள்.

"நான் கவனிக்கல புள்ள. சுத்திக்கிட்டு அங்கயே வந்துட்டேன். அவரு, தம்பி, எனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, ரயிலுக்குப் போகோணும்னாரு. மன்னிச்சுக்கங்கன்னு மறுபடி கெளப்பிக்கிட்டுப் போனேன்."

"அப்பறம்?"

பெரியசாமி எச்சிலை விழுங்கினார். "மறுபடியும் ஆஸ்பத்திரி கேட்டுக்கே வந்துட்டேன்."

எனக்குப் பக்கத்தில் ஏதோ குலுங்குவது தெரிந்தது.

"சிரிக்காத புள்ள, நெசமாத்தான் சொல்றேன். அந்தப் பெரியவரு எறங்கி, ஆட்டோவைச் சுத்திப் பாத்தாரு. ஆஸ்பத்திரிக்குள்ள ஆரு இருக்கறாங்கன்னு கேட்டாரு. சம்சாரம், வயித்துல ஆபரேசன்னு சொன்னேன். ரயில் சாயங்காலமும் இருக்குதுன்னு பையைத் தூக்கிக்கிட்டு வந்து, வெளி பெஞ்சில எங்கூட உக்காந்துக்கிட்டாரு. நீ வெளிய வர்ற வரைக்கும் போகலை. டீ வேற வாங்கிக் குடுத்தாரு. அதுக்குக் காசு குடுத்தா, நீ என்னை எங்கயும் கொண்டு போகல, எதுக்குக் காசுன்னு..."

அவர் முடிக்கவில்லை. தங்கமணியின் சிரிப்பு ஆட்டோவின் தகரக் கூரையில் மோதியது. என் தோளில் சாய்ந்து, என் தொடையில் அடித்து, மூச்சுக்குத் தவித்துச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. எனக்கும் பிடித்துக்கொண்டது.

"எதுக்குச் சிரிக்கறீங்க? நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!" என்று கோபமாகத் திரும்பிய பெரியசாமி, அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஆட்டோ தானாக மெதுவாகி, மண்டி மொஹல்லாவின் சந்து முனையில், நடுத்தெருவில் நின்றுவிட்டது. பின்னால் ஸ்கூட்டர்களும் ஆட்டோக்களும் ஹாரனில் கை வைத்துவிட்டன.

போலீஸ்காரர் ஒருவர் விசிலை ஊதிக்கொண்டு விறுவிறுவென்று வந்தார். "ஏன்ரீ, ஏனாயித்து?" என்று, என்ன ஆயிற்று எனக் கன்னடத்தில் கேட்டுக்கொண்டே குனிந்து உள்ளே பார்த்தார்.

எங்களில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. பெரியசாமி ஸ்டியரிங் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தார். தங்கமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கையை மட்டும் ஆட்டினாள். நான், ஒரு மூத்த அரசு டாக்டர், வெள்ளைக் கோட்டோடு, பேச வாயைத் திறந்து விக்கினேன். போலீஸ்காரர் ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர் மீசை முதலில் ஒரு பக்கம் துடித்தது, பிறகு மறுபக்கம். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்ன ஏது என்று தெரியாமலே அவரும் சிரிக்கத் தொடங்கினார்.